உங்களுக்குத் தெரியுமா? நிலவறையில் வெந்த ரொட்டி

◆ 1860-களில் லண்டன் நடைபாதையில் நடந்தவர்களின் காலடியில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. அந்த நகரத்துப் பேக்கரிகள் பலவற்றில் கடை தெருமட்டத்தில் இருக்கும். மாவு பிசையும் அறையும் அடுப்பும் கீழே நிலவறையில் இருக்கும். செங்கல் அடுப்பு பல டன் எடை கொண்டது. மரத்தளம் போட்ட மேல்மாடி அதைத் தாங்காது. தெருவைப் பார்த்த அறைக்கு வாடகை அதிகம், நிலவறைக்குக் குறைவு. பூமிக்கடியில் தேங்கும் வெப்பம் மாவு புளித்துப் பொங்கவும் உதவியது. ஆக, முதலாளிக்கும் மாவுக்கும் நிலவறை தோதான இடம். அங்கே இரவெல்லாம் நின்ற மனிதருக்கு அது எப்படி இருந்தது என்பதை அரசு கேட்டறிய 1862 வரை ஆனது.

◆ கேட்டவர் ஹியூ சீமோர் ட்ரெமன்ஹீர் என்ற அரசு ஆணையர். கூலிக்கு வேலை செய்த ரொட்டித் தொழிலாளர்களின் குறைகளை விசாரித்து அவர் 1862-இல் கொடுத்த அறிக்கை நாட்டையே உலுக்கியது. கார்ல் மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் வேலைநாளைப் பற்றி எழுதிய அத்தியாயத்தில் இந்த அறிக்கையை விரிவாக எடுத்தாண்டிருக்கிறார்.

அதில் பதிவான ஓர் இரவு இது. வேலை 11 மணிக்குத் தொடங்கும். அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம் மாவு பிசைய வேண்டும். மாவுத் தொட்டியின் மூடிதான் பிசையும் பலகை. பிசைந்து முடித்ததும் அதுவே படுக்கை. ஒரு சாக்கை விரித்து, இன்னொன்றைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தொழிலாளி சுமார் இரண்டு மணி நேரம் தூங்குவார். எழுந்ததும் ஐந்து மணி நேரம் மூச்சுவிட நேரமில்லாத வேலை. மாவை வெளியே எடுப்பது, நிறுப்பது, உருட்டுவது, அடுப்பில் தள்ளுவது, வெந்ததை இழுப்பது, மேலே கடைக்குச் சுமப்பது. அறையின் வெப்பம் 75 முதல் 90 டிகிரி பாரன்ஹீட் வரை, அதாவது 24 முதல் 32 டிகிரி செல்சியஸ். நம் ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய எண்ணாகத் தோன்றாது. காற்று புகாத குழிக்குள், எரியும் அடுப்புக்கு எதிரில், கை ஓயாமல் வேலை செய்துகொண்டு நினைத்துப் பார்க்க வேண்டிய எண் அது. விடிந்த பிறகும் வீடு போக முடியாது. கூடையைத் தூக்கிக்கொண்டோ கைவண்டியைத் தள்ளிக்கொண்டோ வீடு வீடாக ரொட்டி கொடுத்து வர வேண்டும்.

◆ அக்கால இங்கிலாந்தில் ஒரு மூட்டை மாவின் எடை 280 பவுண்டு. நம் கணக்கில் 127 கிலோ. நிலவறைப் பேக்கரியில் அத்தனை மாவும் கீழே இறங்கி, அத்தனை ரொட்டியும் மேலே ஏறியாக வேண்டும்.

◆ இயந்திரம் வருமுன் மாவு பிசைவது முழங்கை வரை கையை விட்டுச் செய்யும் வேலை. நெற்றி வியர்வை தொட்டியில் சொட்டும். கையில் கட்டியோ புண்ணோ இருந்தால் அதன் கசிவும் மாவில் கலக்கும். நூலாம்படை, செத்த கரப்பான், கெட்டுப்போன ஈஸ்ட், மணல் எல்லாம் ரொட்டிக்குள் போனதை ட்ரெமன்ஹீரின் விசாரணை வெளியே கொண்டுவந்தது. ரொட்டி தின்கிறவர்கள் அதிர்ந்தார்கள். 1863-இல் பேக்கரி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொழிலாளி எத்தனையோ ஆண்டுகளாக முறையிட்டு வந்தார். வில்லியம் கை என்ற மருத்துவர் 1848-லேயே ரொட்டித் தொழிலாளர்களின் உடல்நிலையைப் பற்றிப் பொதுமேடையில் பேசியிருந்தார். அப்போதெல்லாம் அசையாத சட்டம், தின்பவரின் வயிறு கலங்கியதும் அசைந்தது. அடுத்த அரை நூற்றாண்டு விதிகளைப் படித்துப் பார்த்தாலும் இதுவே தெரியும். ரொட்டிக்குக் கிடைத்த காப்பு, அதைச் சுட்டவருக்கு மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

◆ அந்த 1863 சட்டம் என்ன கேட்டது? 5,000 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் பேக்கரியின் உட்சுவருக்கும் மேற்கூரைக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுண்ணாம்பு அடிக்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய்ப் பெயின்ட் மூன்று பூச்சு பூசி, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயின்ட் அடித்த சுவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவ வேண்டும்.

◆ 18 வயது நிரம்பாதவர்களை இரவு 9 மணியிலிருந்து காலை 5 மணி வரை வேலை வாங்கக் கூடாது என்றும் அதே சட்டம் சொன்னது. 18 நிரம்பியவர்கள்? அவர்களுடைய வேலை நேரத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

◆ பேக்கரிக்குள்ளேயே குடியிருந்த தொழிலாளர்களுக்காக 1863 சட்டம் ஒரு ஜன்னலையும் அளந்து கொடுத்தது. பேக்கரி இருக்கும் அதே தளத்தில் யாராவது தூங்குவதென்றால், தரையிலிருந்து கூரை வரை முழுத் தடுப்புச் சுவர் வேண்டும். வெளிப்பக்கம் பார்த்த கண்ணாடி ஜன்னல் குறைந்தது 9 சதுர அடி இருக்க வேண்டும். அதில் பாதியாவது, அதாவது நாலரை சதுர அடி, திறக்கும்படி இருக்க வேண்டும். இந்த அளவைச் சட்டத்தில் எழுத நேர்ந்தது என்றால், அதுவரை எப்படிப்பட்ட இடங்களில் படுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

◆ சட்டம் வந்தது, பார்வையிட ஆள் வர வேண்டுமே? முதலில் பொறுப்பு உள்ளாட்சிகளிடம் இருந்தது. 1878-இல் அது தொழிற்சாலை ஆய்வாளர்களின் கைக்குப் போனது. 1883-இல் சில்லறைப் பேக்கரிகளின் சுகாதாரம் மறுபடியும் உள்ளாட்சிகளிடமும் அவற்றின் மருத்துவ அதிகாரிகளிடமும் திரும்பியது. இருபது ஆண்டில் இரண்டு முறை கைமாறிய பொறுப்பு.

◆ 1883 சட்டத்தில் புதிய பேக்கரிகளுக்கு மூன்று கட்டளைகள் இருந்தன. கழிப்பறையோ குப்பைக்குழியோ பேக்கரிக்குள் இருக்கக் கூடாது, பேக்கரியிலிருந்து நேரே திறக்கவும் கூடாது. மாவுக்கான தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறைக்கான தண்ணீர்த் தொட்டியும் வெவ்வேறாக இருக்க வேண்டும். கழிவுநீர்க் குழாய் எதுவும் பேக்கரிக்குள் வாய் திறக்கக் கூடாது. நிலவறையில்தான் இந்த மூன்றும் மிகவும் தேவைப்பட்டன. வீட்டின் சாக்கடைக் குழாய்கள் எல்லாம் இறங்கி வந்து சேரும் இடமும் அதுவே.

◆ எத்தனை அடி பள்ளத்தில் இருந்தால் அது நிலவறைப் பேக்கரி? பிரிட்டிஷ் சட்டத்தின் விடை: 3 அடி. வெளியே இருக்கும் நடைபாதையின் மட்டத்திலிருந்தோ, பக்கத்துத் தரையின் மட்டத்திலிருந்தோ மூன்று அடிக்கும் கீழே அறையின் தளம் இருந்தால் அது நிலவறை.

இவற்றை ஒரே நாளில் மூடிவிடவில்லை. 1895 சட்டம், 1896 ஜனவரி 1 முதல் புதிதாக எந்த நிலவறையிலும் பேக்கரி தொடங்கக் கூடாது என்றது. ஏற்கெனவே இருந்தவை தொடர்ந்தன. 1901 சட்டம் ஒரு படி மேலே போனது. 1904 ஜனவரி 1-க்குப் பிறகு பழைய நிலவறைப் பேக்கரியும் உள்ளாட்சியிடம் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். கட்டுமானம், வெளிச்சம், காற்றோட்டம் மூன்றையும் பார்த்து, மற்ற எல்லா வகையிலும் ஏற்றதுதானா என்று சோதித்த பிறகே சான்று கிடைக்கும். மறுக்கப்பட்டால் பேக்கரி நடத்துபவர் நீதிமன்றம் போகலாம். இடத்தைச் சீர்செய்யும் செலவு வாடகைதாரர் தலையில் மட்டும் விழாமல், கட்டட உரிமையாளரும் பங்கு ஏற்க வழி இருந்தது. என் கணிப்பில், இத்தனை சட்டங்களில் மிகவும் யோசித்து எழுதப்பட்டது இந்தக் கடைசிப் பகுதிதான். வாடகைக்கு இருக்கும் சிறு பேக்கரிக்காரர் தன் காசில் அடுத்தவர் சுவரை இடித்துக் கட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தால், எதுவும் நடந்திருக்காது.

◆ 1937 தொழிற்சாலைச் சட்டத்திலும் நிலவறைப் பேக்கரிக்கு இடம் இருந்தது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சி அவற்றைப் பார்வையிட வேண்டும் என்ற ஏற்பாடு 1961 சட்டத்திலும் தொடர்ந்தது.

◆ லண்டன் நடைபாதைகளில் இன்றும் சில இடங்களில் இரும்புச் சட்டத்துக்குள் பதித்த தடித்த கண்ணாடித் துண்டுகளைக் காணலாம். நிலவறைக்குப் பகல் வெளிச்சம் இறக்குவதற்காகப் போட்டவை அவை. அமெரிக்கரான தாடியஸ் ஹயட் 1845-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் லண்டனின் ஹேவர்ட் பிரதர்ஸ் நிறுவனம் கண்ணாடியின் அடிப்பக்கத்தைப் பட்டக வடிவில் வார்த்தது. வெளிச்சம் செங்குத்தாக விழுந்து தீராமல், வளைந்து அறையின் உட்பக்கம் வரை போனது.

◆ லண்டன் ரொட்டியை வெளுப்பாகக் காட்டப் படிகாரம் கலந்தார்கள். ஆர்தர் ஹில் ஹாசல் என்ற மருத்துவர் 1850-களில் கடை கடையாக ரொட்டி வாங்கி ஆய்ந்து முடிவுகளை ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார். அவர் சோதித்த ரொட்டிகளில் படிகாரம் இல்லாததைக் காண்பதே அரிதாக இருந்தது. காலரா தண்ணீரால் பரவுவதைக் கண்டுபிடித்த ஜான் ஸ்னோவும் இந்த விவகாரத்தில் இறங்கியிருக்கிறார். லண்டன் பிள்ளைகளின் எலும்பு வளைவதற்கு ரொட்டியில் உள்ள படிகாரம் காரணமாக இருக்கலாம் என்று 1857-இல் அதே இதழில் எழுதினார். வெயில் படாத வாழ்க்கையும் வைட்டமின் டி குறைவும் அந்த நோயின் முக்கியக் காரணங்கள் என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவானது.

◆ ‘அடுப்பில் வெந்தால் எல்லாக் கிருமியும் செத்துவிடும்’ என்பது நிலவறைப் பேக்கரிக்காரர்கள் சொல்லிவந்த சமாதானம். வால்டோ, வால்ஷ் என்ற இரண்டு மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்து, பேக்கரிகளையும் பாக்டீரியாக்களையும் பற்றி 1895-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். ரொட்டியின் மேற்புறம் கருகும் சூட்டில் இருந்தாலும் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்டுவதில்லை, அங்கே சில பாக்டீரியாக்கள் பிழைத்திருக்கின்றன என்பது அவர்கள் கண்டது. அதே ஆண்டில்தான் புதிய நிலவறைப் பேக்கரிகளுக்குத் தடை வந்தது.

◆ கை படாத ரொட்டி செய்ய முடியுமா? ஜான் டாக்லிஷ் என்ற மருத்துவர் முடியும் என்றார். ஈஸ்ட் இல்லாமல், கரியமில வாயுவை அழுத்தத்தில் ஏற்றிய தண்ணீரைக் கொண்டு மூடிய இயந்திரத்துக்குள் மாவைப் பிசைய 1856-இல் காப்புரிமை பெற்றார். புளிக்கக் காத்திருக்க வேண்டாம் என்பதால் இராத்திரி வேலையும் குறையும். அதை வைத்து 1862-இல் ஏரேட்டட் பிரெட் கம்பெனி தொடங்கியது.

◆ 1851-இல் ஏஞ்சியர் மார்ச் பெர்கின்ஸ் காப்புரிமை பெற்ற அடுப்பில், தண்ணீர் அடைத்து மூடிய இரும்புக் குழாய்கள் சூட்டைக் கடத்தின. நெருப்பு ஒருபக்கம், ரொட்டி வேகும் அறை மறுபக்கம். கரியும் சாம்பலும் ரொட்டியை அண்டாது.

◆ அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் நியூயார்க்கிலும் கதை ஏறக்குறைய இதுதான். ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலவறைகளில் பேக்கரிகள் இயங்கின. அடுப்பின் எடையும் வாடகையும் அங்கேயும் அதே காரணங்கள். நியூயார்க் மாநிலம் 1895-இல் பேக்கரிச் சட்டம் கொண்டுவந்தது. அறை 8 அடி உயரம் இருக்க வேண்டும். ஆய்வாளர் கேட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கழிப்பறை தனியே இருக்க வேண்டும். மாவு பிசையும் அறையில் யாரும் தூங்கக் கூடாது. வளர்ப்பு மிருகம் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது, பூனையைத் தவிர! மாவு இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலிக்குப் பூனை வேண்டுமென்று சட்டமே ஏற்றுக்கொண்டது.

அதே சட்டத்தில் இன்னொரு விதியும் இருந்தது. தொழிலாளியை நாளுக்கு 10 மணி நேரத்துக்கும், வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது. யூட்டிகா நகரில் பேக்கரி நடத்திய ஜோசப் லாக்னர் இதை மீறி 50 டாலர் அபராதம் கட்டும் நிலைக்கு வந்தார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1905 ஏப்ரல் 17 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. எத்தனை மணி நேரம் வேலை செய்வது என்பது முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிவெடுக்கும் ஒப்பந்த உரிமை, அதில் அரசு தலையிடலாகாது என்று சொல்லி, நேர வரம்பை நீதிமன்றம் செல்லாததாக்கியது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹார்லன், மாவுத்தூசியால் ரொட்டித் தொழிலாளர்களின் நுரையீரல் கெடுவதையும் அவர்கள் ஐம்பது வயதைத் தாண்டுவது அரிது என்பதையும் மருத்துவ நூல்களிலிருந்து எடுத்துக்காட்டினார். அது எடுபடவில்லை.

கூரைக்குச் சுண்ணாம்பு, சாக்கடைக்குக் குழாய் என்ற விதிகள் மட்டும் அப்படியே நிலைத்தன. சுத்தமான ரொட்டிக்கு மனிதர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பது தேவையற்ற கேள்வி என்று பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். பதினான்கு மணி நேரம் தூங்காத கை, மாவை எவ்வளவு சுத்தமாகப் பிசையும்? அந்தத் தீர்ப்பின் போக்கு அமெரிக்க நீதிமன்றங்களில் 1937 வரை செல்வாக்கோடு இருந்தது.

◆ அந்த 10 மணி நேரச் சட்டத்துக்காகத் தொழிற்சங்கத்தின் முன்னணியில் நின்று போராடியவர் ஹென்றி வைஸ்மன். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர், ரொட்டித் தொழிலாளர்களின் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் சங்கத்தை விட்டு விலகி, சொந்தமாகப் பேக்கரி வைத்து, சட்டமும் படித்தார். உச்ச நீதிமன்றத்தில் லாக்னருக்காக வாதாடிச் சட்டத்தை வீழ்த்தியவர்களில் ஒருவர் அதே வைஸ்மன்தான்.

◆ 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 146 பேர் உயிரிழந்தார்கள். அதையடுத்து அமைந்த மாநில விசாரணைக் குழு, ஆடைத் தொழிற்சாலைகளோடு நிற்காமல் நிலவறைப் பேக்கரிகளுக்குள்ளும் இறங்கிப் பார்த்தது. தொழிலாளர்களுக்கு மருத்துவப் பரிசோதனையும் செய்தது. 1913-இல் புதிய நிலவறைப் பேக்கரிகளுக்கு அங்கே தடை வந்தது.

◆ பாரிஸ் கம்யூன் என்ற புரட்சி அரசு 1871-இல் இரண்டு மாதமே ஆண்டது. அந்தக் குறுகிய காலத்திலும், ஏப்ரல் 20 அன்று பேக்கரிகளில் இரவு வேலைக்குத் தடை விதித்தது. கம்யூன் வீழ்ந்தது. பிரான்சில் அதே தடை சட்டமாகத் திரும்பி வர 1919 ஆயிற்று.

◆ சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1925-இல் நிறைவேற்றிய 20-ஆம் உடன்படிக்கை முழுக்க முழுக்கப் பேக்கரிகளின் இரவு வேலையைப் பற்றியது. தொடர்ந்து ஏழு மணி நேரமாவது அடுப்பு வேலை நிற்க வேண்டும். இரவு 11 முதல் காலை 5 வரையிலான நேரம் அதற்குள் அடங்க வேண்டும். தொழிலாளிக்கு மட்டுமல்ல, முதலாளி தானே இறங்கிச் சுட்டாலும் தடை பொருந்தும்.

◆ பழைய ரோமாபுரியிலும் பூமிக்கடியில் பேக்கரிகள் இருந்தன. ஐந்தாம் நூற்றாண்டில் திருச்சபை வரலாறு எழுதிய சாக்ரடீஸ் ஸ்கொலாஸ்டிகஸ், பேரரசர் தியோடோசியஸ் ரோமில் தங்கியபோது நடந்ததாக ஒன்றைப் பதிவு செய்கிறார். இலவச ரொட்டி வழங்குவதற்காகப் பெரிய கூடங்களில் மாவு அரைத்து ரொட்டி சுட்டார்கள். அவற்றை நடத்தியவர்கள் மேலே சத்திரங்களைத் திறந்து, உண்ணவும் களிக்கவும் வந்த வெளியூர்க்காரர்களை ஒரு பொறியின் வழியே கீழே விழவைத்து, ஆயுள் முழுக்கத் திரிகை சுற்ற வைத்தார்களாம். வீட்டார் அவர்கள் இறந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். ஒருநாள் அரசரின் படைவீரர் ஒருவர் சிக்கினார். கையில் குறுவாள் இருந்தது. தடுத்தவர்களை வெட்டிக்கொண்டு வெளியேறினார். செய்தி அறிந்த பேரரசர் குற்றவாளிகளைத் தண்டித்து, அந்தக் கட்டடங்களை இடிக்கச் சொன்னார்.

◆ முதல் உலகப்போரில் வெர்டன் கோட்டையின் சுரங்கங்களுக்குள் பிரெஞ்சு ராணுவம் ரொட்டி சுட்டது. ஒன்பது அடுப்புகள், 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 28,000 பங்கு ரொட்டி.

◆ மாவு வெடிக்கும். 1785 டிசம்பர் 14 மாலை, இத்தாலியின் டூரின் நகரில் ஜியாகோமெல்லி என்பவரின் பேக்கரி பெரும் சத்தத்தோடு வெடித்தது. தெருப்பக்க ஜன்னல்கள் சட்டத்தோடு பெயர்ந்து விழுந்தன. மாவுக் கிடங்கில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு சிறுவன் மாவைக் கிளறிக்கொண்டிருந்தான். காற்றில் எழுந்த மாவுத்தூசியில் விளக்கின் சுடர் பற்றியது. சிறுவனின் முகமும் கைகளும் தீய்ந்தன. மொரோட்சோ பிரபு விசாரித்து எழுதிய அறிக்கை, தூசி வெடிப்பைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய அறிவியல் பதிவுகளில் ஒன்று.

◆ தொழில்நோய் மருத்துவத்தின் தந்தை எனப்படும் பெர்னார்டினோ ரமாட்சினி 1700-இல் வெளியிட்ட நூலில், மாவோடு பழகுகிறவர்களுக்கு இருமலும் குரல் கம்மலும் இழுப்பும் வருவதை எழுதிவைத்தார். ஊர் உறங்கும்போது இவர்கள் விழித்திருப்பதையும் குறித்தார். மாவுத்தூசி ஆஸ்துமா இன்றும் தீரவில்லை. பிரிட்டனில் வேலையிடத்தால் வரும் ஆஸ்துமாவுக்கு முக்கியக் காரணங்களில் மாவு ஒன்று. அங்கே எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 10 மில்லிகிராமுக்கு மேல் மாவுத்தூசி இருக்கக் கூடாது. குறுகிய நேரத்துக்கான வரம்பு 30 மில்லிகிராம்.

நிலவறையில் இல்லாத பேக்கரிக்கும் மாவுத்தூசியின் ஆபத்து பொருந்தும் என்பதால், பிரிட்டனில் ரொட்டி மாஸ்டர்களுக்குச் சொல்லித்தரும் சில வழக்கங்களை இங்கே தருகிறேன். மிக்ஸரை முதலில் மெதுவான வேகத்தில் ஓட்டி, மாவு நனைந்த பிறகு வேகம் கூட்டுங்கள். பலகையில் மாவைக் கையால் வீசாமல் சல்லடைக் குப்பியால் தூவுங்கள். காலிச் சாக்கை உதறாமல் மெதுவாகச் சுருட்டுங்கள். தரையில் சிந்திய மாவைத் துடைப்பத்தால் பெருக்க வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது தொழிற்கூடங்களுக்கான வாக்குவம் கிளீனரால் உறிஞ்சுங்கள். வேலைக்கு வந்தால் தும்மலும் மூக்கொழுகலும் தொடங்கி, விடுமுறையில் தானாகக் குறைகிறது என்றால் அதைச் சளி என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் உங்கள் தொழில் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.